கொத்தித் தேய்ந்த அம்மி

அக்கா நம்மை விட்டுப் போய் ஒரு வருஷம் திரும்பிவிட்டது. இன்றைக்குத் திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கிற சொந்தபந்தங்களுக்கும், தலத்தெரு அண்டை அயலாருக்கும், திருநள்ளாற்றுச் சம்பந்தி வீட்டாருக்கும் கூடப்பிறந்த தம்பி கும்பிட்டு எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாட்டோடு போனவன். ஆனாலும் இந்தக் கட்டுரையை வேறு யாரையும் எழுத விடவில்லை. அச்சகத்துக்காரர் எழுத்துப் பிழையை மட்டும் திருத்தினார். விஷயத்தில் பிழை இருந்தால் நேராக என்னிடம் வாருங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட்டு அக்காவிடம் வருகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். காரைக்காலில் கோழித்தீவனம் என்றால் என் கடைதான். நாகப்பட்டினம் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் மாயவரம் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் என் வாசலில் வண்டியை நிறுத்திக் காத்திருந்து ஏற்றிக்கொண்டு போவார்கள். டிகிரி வாங்கின பிள்ளைகள் எனக்கு பில் போடுகிறார்கள். யார் கையையும் பிடித்து மேலே வந்தவன் இல்லை நான் என்று மேடையிலேயே பேசியிருக்கிறேன். அது பொய்யில்லை, ஒரு கையைத் தவிர. அந்தக் கையில் ஒரு நொய் சல்லடை இருந்தது.

அக்கா பிறந்தது கோட்டுச்சேரிக்குப் பக்கத்தில், எங்கள் அம்மா பிறந்த ஊரில். வளர்ந்தது தலத்தெருவில். அப்பா குத்தகைக்கு உழுதவர். அம்மா போய்ச் சேர்ந்தபோது எனக்கு விவரம் தெரியாது. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறு வடித்து, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீர் தூக்கினவர் அக்கா. அதனால் அவர் நடை கடைசி மட்டும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. "இவன் ஏறி உக்காந்து வளைச்சுட்டான், இன்னும் நிமிரல" என்று என் மருமகள்களிடம் சொல்லிச் சிரிப்பார். நான் ஊருக்குப் பெரிய மனுஷனாகிக் கதர்ச்சட்டை போட்டுக்கொண்டு நிற்கும்போது சொல்லுவார். அதுதான் அவருக்கு வேடிக்கை.

அக்காவைத் திருநள்ளாற்றில் கொடுத்தோம். அத்தான் வீட்டில் கோயிலுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கடை. அத்தான் தங்கமான மனுஷர். கல்யாணமான கொஞ்ச நாளில் சைகோனில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்கென்று கப்பலேறினார். அங்கே காய்ச்சலில் போய்விட்டார். ஊரில் பிரெஞ்சுக் கொடியை இறக்கி நம் கொடியை ஏற்றி மிட்டாய் கொடுத்தார்களே, அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டுக்குத் தந்தி வந்தது. அப்பாவும் அப்போது உயிரோடு இல்லை. அக்கா தலத்தெருவுக்குத் திரும்பி வந்தார். நானும் அவருமாக இருந்தோம். எனக்கு அப்போது மீசை முளைத்து, வாடகை சைக்கிளில் கோழிக்கூடை கட்டி ஊர் ஊராக விற்றுக்கொண்டிருந்த வயசு.

மறு வருஷம் ஆடியில் அக்காவின் மாமியாரிடமிருந்து ஆள் வந்தது. நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம். "மருமக இங்க வந்துரட்டும், கடைக்குக் கை பத்தல" என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அக்காவுக்குப் போக மனசில்லை. கோபமெல்லாம் இல்லை. அங்கே போனால் விடியுமுன் எழுந்து ஊருக்கே அரைக்க வேண்டும், மத்தியானம் ஆறின சோற்றில் கை வைக்க வேண்டும், சாகிற மட்டும் அதுதான். புருஷன் இருந்த வீடு என்றால் பரவாயில்லை, அவர் இல்லாத வீட்டில் அடுப்படியோடு முடிந்துபோக அக்கா தயாராயில்லை.

பெரியப்பா வந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் எது முடிவானாலும் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும்.

"அக்கா சோறு என் பொறுப்பு" என்றேன் நான்.

"இன்னிக்குச் சொல்லுவே. நாளைக்கு உனக்கொருத்தி வருவா. அவ சொல்லுவாளா இத?" என்றார் பெரியப்பா. பிறகு அக்காவைப் பார்த்தார். "பாப்பா, தை வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள உன் சோத்துக்கு நீயே ஒரு வழி பண்ணிக்கிட்டா இங்கயே இரு. இல்லேன்னா அவங்க வீட்டுக்குப் போறதுதான் மரியாதை."

அக்கா சரி என்றார். எழுந்துபோய் அடைக்கோழிகளைக் கணக்குப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு ஆமினா அம்மாவை எல்லோருக்கும் தெரியும். தை கழிந்து அவர்கள் மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள். "நீ வளக்குறதெல்லாம் நான் எடுத்துக்கிறேன் தங்கச்சி, வேற யாருக்கும் வாக்குக் குடுத்துறாதே" என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் என்ன? தெருவில் அடைக்கு உட்கார்ந்த கோழி அத்தனையும் எங்கள் வீட்டுக்கு வந்தது. புரட்டாசிக் கடைசியில் வீடு பூரா கீச் கீச்சென்று ஒரே சத்தம். அந்தச் சத்தத்தில்தான் அக்கா அத்தானுக்குப் பிறகு முதல்முதலாகச் சிரித்ததைப் பார்த்தேன்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வெளியே விட்டால் குளிர், மழை விட்டால் காக்காய், காக்காய்க்குத் தப்பினால் கீரி. அக்கா குஞ்சுகளைத் தாய்க்கோழிகளோடு உள்ளே கொண்டுவந்து சிமெண்ட்டுத் தரையில் பஞ்சாரக் கூடை போட்டு மூடினார். வேளைக்கு நொய், வேளைக்குக் கேழ்வரகு, வேளைக்குச் சுத்தமான தண்ணீர். தரையை இரண்டு வேளையும் கழுவித் துடைத்தார். ராஜா வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்ந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன.

கழிச்சல் இல்லை, சளி இல்லை. கழுத்துக்குக் கீழே இரை தங்குகிற பை மட்டும் மாவு உருண்டை மாதிரிக் கெட்டியாக இருக்கும். தின்றது கீழே இறங்கவில்லை. தெரு சும்மா இருக்குமா? கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். ஒருத்தி மட்டும் வாசலில் நின்று, "தாலி போனவ கை, தொட்டது தங்குமா" என்று அக்கா காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனாள். அக்கா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

தீபாவளி வந்தது. ஒரு கிழட்டுக் கோழியை அறுத்து அக்கா சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார். கோழி வயிற்றில் கெட்டியாக ஒரு உருண்டை இருக்குமே, கறிக்கடைக்காரர்கள் மாங்காய் என்பார்களே, அதை இரண்டாகக் கீறி உள்ளே இருக்கிற மஞ்சள் தோலை உரித்துப் போடுவோம். நாம் எல்லோரும் காலகாலமாக உரிக்கிறோம். உள்ளே இருக்கிற பொடிக்கல்லைக் கழுவிக் கொட்டுகிறோம். அக்கா அன்றைக்குக் கொட்டவில்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துபோய், காலையில் செத்த குஞ்சு ஒன்றை எடுத்துவந்து கீறினார்.

"தம்பி, இங்க வாடா. இதுல ஒரு கல்லு காட்டு பாப்பம்."

தேடினேன். ஒன்றுகூட இல்லை. முழுக் கேழ்வரகு அப்படியே கிடந்தது.

"பல்லு இல்லடா இதுங்களுக்கு! கல்லுதான் பல்லு. நான்தான் கூட்டித் தொடச்சு, தொடச்சு, பல்லப் புடுங்கிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

சரி, கல் போட்டால் தீர்ந்தது. கல்லுக்கு எங்கே போவது? வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. நம் பக்கம் கிணறு வெட்டினாலும் களிமண்தான் வரும், கல் வராது. மேய்கிற கோழி வருஷம் பூரா தேடி ஒன்றிரண்டு பொறுக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். நாய் துரத்தினால் எடுத்து எறிய மண்ணாங்கட்டிதான் இருக்கும். ரயில் தண்டவாளத்தில் ஜல்லி கிடக்கிறதே, நாலு கல் எடுத்துவந்து உடைக்கிறேன் என்று நான் துண்டை உதறிக் கிளம்பினேன்.

"போடா. ஜெயிலுக்குப் போயி அங்க கோழி வளக்கப் போறியா?"

அப்புறம் கடற்கரைக்காரர்கள் எல்லோரும் செய்கிறதை அக்காவும் செய்தார். மண் என்றால் மண்டபத்தூர். அங்கே கடலோரத்து மணலை ஒரு சாக்கில் அள்ளி வரச் சொன்னார். வெள்ளை வெளேரென்று, ரவை மாதிரி, பார்க்கவே ஆசையாக இருந்தது. குஞ்சுகள் ஆசையாகத்தான் கொத்தின. சாயங்காலம் பார்த்தால் தண்ணீர்த் தட்டை விட்டு நகரவில்லை. குடித்துக் குடித்து வயிறு ஊதி, இன்னும் சில போய்விட்டன. கடல் மணலில் உப்பு இருக்கும் என்பது கருவாடு போடுகிற ஊரில் பிறந்தவர்களுக்குத் தோன்றவில்லை, பாருங்கள். "உப்புக் கண்டம் போட்டுட்டேன்டா" என்று அக்கா அதைப் பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கு அழுதார்.

கிளிஞ்சலை இடித்துப் போடச் சொன்னார்கள் சிலர். முட்டையிடுகிற பெட்டைக்குக் கிளிஞ்சல் நல்லது, ஓடு கெட்டியாகும். குஞ்சுக்கு என்ன ஓடு? கிளிஞ்சல் வயிற்றிலேயே கரைந்துபோகும், எதையும் அரைக்காது, குஞ்சுக்கு அந்தச் சுண்ணாம்பு ஆகவும் ஆகாது. இதை நான் இன்றைக்கு என் கடையில் நின்று எத்தனையோ பேருக்குச் சொல்கிறேன். அன்றைக்கு அக்கா இடித்த கிளிஞ்சலை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார், மாவாகப் போயிற்று, ஓரமாக வைத்துவிட்டார்.

இந்தச் சமயத்தில் வீரம்மா வந்தாள். அம்மி கொத்துகிறவள். உளியும் சுத்தியும் பையில் போட்டுக்கொண்டு "அம்மி கொத்தலையோ, ஆட்டுரல் கொத்தலையோ" என்று தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வருவாள். தேய்ந்து வழுவழுத்துப்போன அம்மியைப் புள்ளி புள்ளியாகக் கொத்திக் கொடுப்பாள். கொத்தின அம்மியில் உடனே மிளகாய் அரைக்க மாட்டோம் இல்லையா? முதலில் தவிட்டைப் போட்டு அரைத்து, ஒட்டியிருக்கிற கல் பொடியோடு வழித்துக் கொல்லையில் எறிவோம். அக்காவும் அப்படித்தான் எறிந்தார். அன்றைக்கு வெயில் அடித்ததால் பஞ்சாரத்தைக் கொல்லையில் கொண்டுவந்து கொஞ்சம் தூக்கி வைத்திருந்தார். நோஞ்சான் குஞ்சு இரண்டு தடுமாறி வெளியே வந்து, ஒன்று அந்தத் தவிட்டில் விழுந்தது, இன்னொன்று நேரே அம்மிக்கு அடியில் போய், தெறித்துக் கிடந்த கல்லைப் பொறுக்கியது.

மறுநாள் காலையில் அந்த இரண்டும்தான் முதலில் கத்தின. பையைத் தொட்டால் காலியாக, பஞ்சு மாதிரி இருந்தது.

அக்கா அம்மியைச் சுற்றிப் பெருக்கி, ஒரு துணுக்கு விடாமல் எடுத்தார். கழுவினார், வெயிலில் காயவைத்தார், நொய் சல்லடையில் சலித்தார். இப்போது நான் சொல்வதைக் கோழி வளர்க்கிறவர்கள் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணில் போனால் உறுத்துகிற தூசு ஆகாது, அது நிற்காமல் போய்விடும். ரவை பருமனில் இருப்பது சின்னக் குஞ்சுக்கு. இறக்கை முளைத்தால் நொய் பருமன். வளர்ந்ததற்கு அரிசி பருமன். கல் கெட்டியாக, முனை மழுங்காமல் இருக்க வேண்டும். பிறந்த கையோடு போடக் கூடாது. எது தீனி என்று குஞ்சுக்குத் தெரிந்த பிறகு, வயிறு நிறையத் தின்றுவிட்டு நிற்கும்போது ஒரு சிட்டிகை தூவ வேண்டும். பசியோடு இருக்கும்போது கொட்டினால் கல்லையே தின்று வயிற்றை ரொப்பிக்கொள்ளும். இதெல்லாம் அக்கா பார்த்துப் பார்த்துக் கண்டது.

ஆனால் ஒரு அம்மியைக் கொத்தினால் எவ்வளவு வரும்? ஒரு கை. மறு வாரமே தெருவில் போன வீரம்மாவைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"என்னா ஆயி, அம்மி முள்ளாட்டம் இருக்கு. அதுக்குள்ள இன்னொரு தரம் கொத்தணுங்கறே. அரைக்கிறியா, தின்னுறியா?"

"நீ கொத்து. கூலி உனக்கு, கல்லு எனக்கு."

அதுவும் பற்றவில்லை. வீரம்மா எந்த வீட்டு வாசலில் உட்கார்ந்தாலும் அக்கா முறத்தோடு போய் நின்றார். "அக்கா, கூட்டிப் போடாதீங்க, அந்தப் பொடிய எனக்குக் குடுங்க" என்று கேட்டார். இங்கேதான் வினை வந்தது. அம்மி என்ன சும்மாவா? பெண் காலெடுத்து வைத்து மெட்டி போட்டுக்கொள்கிற கல். அந்தக் கல்லின் பொடியை, புருஷன் போன ஒரு பெண் வீடு வீடாகப் பொறுக்கிக்கொண்டு போனால் ஊர் என்ன நினைக்கும்?

"எங்க வீட்டு அம்மிப் பொடிய வெச்சு யாருக்கு மருந்து வெக்கப் போறே?" என்று ஒருத்தி நேராகவே கேட்டுக் கதவைச் சாத்தினாள். வாய் வாயாகப் போன பேச்சு திருநள்ளாற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. தைக்குக் காத்திருக்காமல், மார்கழியிலேயே அத்தை வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். பெரியப்பாவையும் வழியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வண்டியை அவிழ்க்கக்கூட விடவில்லை.

"கிளம்புடி. எங்க வீட்டுப் பேரு என்னா ஆவுறது? வீடு வீடா அம்மிப் பொடி பொறுக்குறியாமே, யாருக்கு வெக்க?"

"என் காதுலயும் விழுந்துச்சு பாப்பா. பதில் சொல்லு" என்றார் பெரியப்பா. அவர் முகத்தைப் பார்த்தால் முடிவு பண்ணிக்கொண்டு வந்தவர் மாதிரி இருந்தது.

நான் குறுக்கே பேசப் போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே போய் ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சலித்த கல்லோடு வந்தார். ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு நறநறவென்று கடித்தார். தெருவே கேட்டது.

"மருந்துன்னா மொதல்ல நான்தானே சாவணும், அத்தை?"

"துப்புடி! துப்புடி பாவி! பல்லு போயிரப்போவுது!" என்று அத்தை பதறிக்கொண்டு ஓடிவந்து தாடையைப் பிடித்தார்கள்.

"எனக்குப் பல்லு இருக்கு அத்தை. இதுங்களுக்கு இல்ல. அதான் ஊர்ப் பல்லெல்லாம் பொறுக்கியாந்து குடுக்குறேன்" என்று சொல்லி அக்கா பஞ்சாரத்தைத் தூக்கினார். அத்தனை குஞ்சும் திபுதிபுவென்று ஓடிவந்து அவர் காலைச் சுற்றிக்கொண்டன. ஒன்றை எடுத்து அத்தை கையில் வைத்தார். "இந்தப் பையத் தொட்டுப் பாருங்க. காலையில தின்னது அதுக்குள்ள அரைச்சு எறங்கிடுச்சு. போன மாசம் இதுவே உருண்டையாட்டம் நின்னு சாவும்."

அத்தை தடவிப் பார்த்தார்கள். சாப்பாட்டுக் கடைக்காரம்மா அல்லவா, அரைபடுவதும் அரைபடாததும் அவர்களுக்குத் தெரியாதா? குஞ்சைக் கீழே விடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு மேலே ஆமினா அம்மாவின் முக்காடு தெரிந்தது. "பெரியவங்க பேசுற எடம், மன்னிச்சுக்குங்க. அந்தக் குஞ்சு பூரா என் மக நிக்காஹ்வுக்குப் பேசினது. வளக்குறவள வண்டியில ஏத்திட்டீங்கன்னா, நான் குஞ்சுகளோட உங்க கடையில வந்து உக்காந்துருவேன், ஆமா."

திருநள்ளாற்றுச் சைவச் சாப்பாட்டுக் கடையில் கோழிக்குஞ்சுகள்! பெரியப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டார். "சம்பந்தியம்மா, ஊருக்கே பல்லு கட்டுறா எம் பொண்ணு. அவ சோத்துக்கா வழியில்லாம போவப் போவுது? இங்கயே இருக்கட்டும்" என்றார்.

அத்தை வண்டியில் ஏறினார்கள். ஏறினவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க கடையில அம்மியும் ஆட்டுரலும் வரிசையா கெடக்கு. அடிக்கடி கொத்தலேன்னா சட்னி மசியாது. அந்தப் பொடியக் கூட்டித் தெருவுலதான் கொட்டுறோம். சனிக்கிழமை கோயிலுக்கு வந்து திரும்புற யாருகிட்டயாச்சும் குடுத்துவுடுறேன். எனக்கு மருந்து வெச்சுராதடி" என்றார்கள். அப்புறம்தான் மடியிலிருந்து அந்தக் குஞ்சை எடுத்து அக்காவிடம் நீட்டினார்கள்.

அன்றைக்கு மிஞ்சிய குஞ்சில் ஒன்றுகூட அதற்குப் பிறகு பை கட்டிச் சாகவில்லை. ஆமினா அம்மா வீட்டு நிக்காஹ் விருந்தைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை சனிக்கிழமை அத்தை கொடுத்தனுப்பிய மூட்டை போதாமல், திருநள்ளாற்றுக் கடைகள் அத்தனைக்கும் நான் சைக்கிளில் போய்ப் பொடி கூட்டிவர ஆரம்பித்தேன். அக்கா சலித்துக் கொடுப்பார். குஞ்சுக் கல் என்று பொட்டலம் கட்டி விற்ற முதல் ஆள் இந்தக் கரையில் நான்தான். மறுக்கிறவர் யாராவது இருந்தால் இன்றைக்குப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்காரலாம், பேசித் தீர்த்துக்கொள்வோம். அந்தப் பொட்டலம்தான் கடையாகி, கடை குடோனாகி, லாரியாயிற்று.

அக்கா அதற்குப் பிறகு யார் சோற்றுக்கும் காத்திருக்கவில்லை. என் கல்யாணத்தை நடத்தியவர் அவர். என் பிள்ளைகளை வளர்த்தவர் அவர். அத்தை கடைசிக் காலத்தில் படுத்தபோது திருநள்ளாற்றுக்குப் போய்க் கூடவே இருந்து பார்த்து, அனுப்பிவைத்துவிட்டுத்தான் வந்தார். கதவைச் சாத்தினவள் மகளுக்குப் பிரசவமானபோது பத்தியத்துக்குக் கோழி எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. நான் ஏன் என்று கேட்டேன். "அவ அம்மிப் பொடி தராட்டியும், குழம்பு ருசியாத்தான் வெப்பாடா" என்றார். அது பதிலா, என்னவென்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வீட்டுக்கு மிக்ஸி வாங்கிப் போட்டேன். அக்கா அதைத் துணி போர்த்தி வைத்தார். அரைத்துத் தேய்ந்த அம்மி எல்லா வீட்டிலும் உண்டு. கொத்தித் தேய்ந்த அம்மி எங்கள் அக்கா வீட்டில்தான் உண்டு. நடுவில் தொட்டில் மாதிரிக் குழிந்து கிடக்கும், வந்து பாருங்கள். போன வருஷம் பல் எல்லாம் போய்க் கஞ்சியில் வந்து நின்றபோது, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினேன். "எனக்கும் கொஞ்சம் கொத்திப் போடேன்டா தம்பி" என்றார். சிரித்தோம். அவர் சிரித்ததை நான் கேட்டது அதுதான் கடைசி. இரண்டொரு நாளில், மத்தியானம், கோழிகளுக்குத் தீனி வைத்தாச்சா என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடினார். வைத்தாச்சு என்று சொன்னேன். கேட்டிருக்கும்.

அக்கா படுத்திருந்த நாட்களில் மாற்றி மாற்றி வந்து பார்த்த தெருப் பெண்களுக்கும், ஆஸ்பத்திரி நர்சு அம்மாக்களுக்கும், சொந்த அண்ணன் தம்பி மாதிரித் தோள் கொடுத்த பிள்ளைகளுக்கும், சேதி கேட்டதும் கடல் தாண்டி போன் போட்டு அழுத ஆமினா அம்மாவின் மகளுக்கும் என் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வீரம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. அவள் பேத்தியை விசாரித்துத் தேடிப் பிடித்து நேற்று வரவழைத்தேன். அதே உளி. அக்காவின் அம்மியைக் கொத்திக் கொடுத்தாள், கூலி வாங்க மாட்டேன் என்றாள். தவிடு அரைத்து வழித்ததைக் கோழிகளுக்குப் போட்டோம். சண்டை போட்டுத் தின்றன.

இன்றைக்கு உங்களுக்குப் பரிமாறுகிற சாம்பாருக்கு அந்த அம்மியில்தான் அரைத்திருக்கிறோம். எல்லோரும் இருந்து, நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சாப்பிடும்போது பல்லில் ஒரு பொடிக்கல் கடிபட்டால் முகம் சுளிக்காதீர்கள். அது எங்கள் அக்கா கொடுத்தது.